பாலு மகேந்திரா: அமிர்தகழியில் பிறந்தவர் தமிழ் சினிமாவின் வெளிச்சத்தை மாற்றியது எப்படி?

மே 20, பெப்ரவரி 13 என்று இரண்டு திகதிகள் வந்தால் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று ஆட்களின் முகநூல் பக்கங்களில் தொப்பி போட்ட ஒரு மனிதரின் படம் சுற்றத் தொடங்கும். 'மட்டக்களப்பின் மைந்தன்' என்று ஒருவர் போடுவார். 'இவர் இந்தியாக்காரர் அல்லவா' என்று கீழே ஒருவர் கேட்பார். 'முள்ளும் மலரும் எடுத்தவர்' என்று மூன்றாமவர் எழுத, 'இல்லை, அது வேறு மகேந்திரன்' என்று நான்காமவர் திருத்துவார். கடைசியில் யாராவது ஒரு தம்பி, 'அப்படியென்றால் ஏன் நம் ஊரில் ஒரு படம்கூட எடுக்கவில்லை?' என்று கேட்டதும் உரையாடல் நின்றுவிடும்.

அந்தக் கடைசிக் கேள்விதான் உருப்படியானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய வாழ்க்கை, அந்தக் காலத்து இலங்கைத் தமிழ் சினிமாவின் நிலைமை, அவர் செய்த வேலையின் தொழில்நுட்பம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் குழப்பம் தீரட்டும்

1. பாலு மகேந்திரா 1939 மே 20 அன்று மட்டக்களப்பு நகரை ஒட்டிய அமிர்தகழியில் பிறந்தார். மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கும் அதே அமிர்தகழிதான். இயற்பெயர் பாலநாதன் பெஞ்சமின் மகேந்திரன். 2014 பெப்ரவரி 13 அன்று சென்னையில் காலமானார். பிறப்பும் பள்ளிப் படிப்பும் இங்கே, சினிமாத் தொழில் முழுவதும் இந்தியாவில்.

2. 'முள்ளும் மலரும்' (1978) படத்தை இயக்கியவர் ஜே. மகேந்திரன். அவர் தமிழ்நாட்டின் இளையான்குடிக்காரர், இயற்பெயர் அலெக்சாண்டர், பிறந்தது அதே 1939இல். அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் பாலு மகேந்திரா. ஒரே படத்தில் இரண்டு மகேந்திரன்கள் வேலை செய்ததால் வந்த குழப்பம் நாற்பது வருடம் கழிந்தும் தீரவில்லை.

3. அவர் எழுத்தாளரா, கமராக்காரரா, இயக்குநரா? நான்கு வேலைகளைப் பிரித்துப் பார்த்தால் புரியும். காட்சி எங்கே, எப்போது, யாரோடு, எந்த வரிசையில் நடக்கிறது என்பதை எழுதுவது திரைக்கதை. அதை எந்த வெளிச்சத்தில், எந்த லென்ஸில், எவ்வளவு தூரத்திலிருந்து பதிவது என்று தீர்மானிப்பது ஒளிப்பதிவு. பதிவானதை வெட்டி ஒட்டி நேர ஒழுங்கு கொடுப்பது படத்தொகுப்பு. இவை மூன்றும் ஒரே திசையில் போகின்றனவா, நடிகர் எப்படி நடிக்கிறார் என்று பார்ப்பது இயக்கம். வழக்கமாக நான்கு பேர் செய்வார்கள். அவர் எழுத்து, ஒளிப்பதிவு, இயக்கம் மூன்றையும் ஆரம்பம் முதலே கையில் வைத்துக்கொண்டார். பின்னாளில் படத்தொகுப்பையும் எடுத்துக்கொண்டார்.

நான்கையும் ஒருவரே செய்தார் என்பதைத் திறமைக்கான சான்றிதழாக மட்டும் படிப்பது வீண். அப்படிச் செய்ததால் அவருடைய திரைக்கதையின் உள்ளமைப்பே மாறியது. அந்த மாற்றம் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

புளியந்தீவிலிருந்து பூனே வரை

படித்தது மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் உள்ள மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும். முன்னது 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மிஷன் பள்ளி, பின்னது இயேசு சபைப் பாதர்மார் நடத்தியது. தந்தை ஆசிரியர். ஐம்பதுகளில் ஒரு கிழக்கு மாகாணப் பையனுக்கு எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களைத் தாண்டி உலகப் படம் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு அநேகமாகக் கிடையாது. ஆனால் பள்ளிக் காலத்திலேயே இத்தாலியின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' அவர் கண்ணில் பட்டிருக்கிறது. சைக்கிள் தொலைத்த ஒரு கூலியாளின் கதை. ஸ்டுடியோ செட் இல்லை, பெரும்பாலும் தெரு. பின்னாளில் 'வீடு' எடுத்தவருக்கு இது எவ்வளவு நெருக்கமான படம் என்பதை இரண்டையும் பார்த்தவர்கள் சொல்லத் தேவையில்லாமல் உணர்வார்கள்.

இன்னொரு சம்பவத்தை அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பள்ளிச் சுற்றுலா போனபோது, டேவிட் லீன் என்ற ஆங்கிலேய இயக்குநர் 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தை இலங்கையில் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். களனி ஆற்றங்கரையில் கித்துல்கலவில் பாலம் கட்டி எடுத்த படம் அது, 1957இல் வெளியானது. அங்கே இயக்குநர் 'ரெயின்!' என்று குரல் கொடுத்ததும் மழை கொட்டியதாம். குழாயும் இயந்திரமும் வைத்துச் செய்த மழைதான். ஆனால் ஒரு மனிதன் சொன்னதும் மழை பெய்கிறது என்பது பதின்ம வயதுப் பையனின் மனதில் பதிந்துவிட்டது. இதில் வேடிக்கை, மழையை வரவழைக்கும் அதிகாரத்தைப் பார்த்துச் சினிமாவுக்கு வந்தவர், வாழ்நாள் முழுக்க எடுத்ததெல்லாம் வந்த மழைக்கும் வந்த வெயிலுக்கும் காத்திருந்து எடுத்த படங்கள்.

பிறகு கொழும்பு. நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞர் வேலை. 'தேன் அருவி' என்ற இலக்கியச் சஞ்சிகையின் ஆசிரியர் பொறுப்பு. இலங்கை வானொலி நாடகங்கள், சிங்கள நாடகக் குழுக்களோடு பழக்கம். கமராவைத் தொடுவதற்கு முன்பே அவர் எழுத்துக்காரர். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

1966இல் பூனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் 1960இல் இந்திய அரசு தொடங்கிய கல்லூரி அது. அவர் விரும்பிய பிரிவில் இடம் கிடைக்கவில்லை, ஒளிப்பதிவில்தான் கிடைத்தது. 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் பூனேயிலேயே 1964இல் தொடங்கியிருந்ததால், அங்கே படித்தவர்களுக்கு பிரெஞ்சுப் புதிய அலைப் படங்களெல்லாம் திரையிலேயே பார்க்கக் கிடைத்தன.

மலையாளம் வழியாக ஒரு நுழைவு

பூனேயில் படிப்புக்காக எடுத்த அவருடைய பட்டயப் படத்தைப் பார்த்து வாய்ப்புக் கொடுத்தவர் 'செம்மீன்' புகழ் மலையாள இயக்குநர் ராமு காரியாட். வயநாட்டைக் களமாகக் கொண்ட 'நெல்லு' படத்தின் ஒளிப்பதிவு அவர் கைக்கு வந்தது. படம் 1974இல் வெளிவந்து கேரள அரசின் சிறந்த ஒளிப்பதிவாளர் விருதைக் கொடுத்தது. எழுபதுகளின் முதல் பாதி முழுக்க மலையாளத்தில் வேலை.

யார் யாருடைய முதல் படத்துக்கு அவர் கமரா பிடித்தார் என்று பாருங்கள். மலையாள இயக்குநர் பரதனின் முதல் படம் 'பிரயாணம்' (1975). ஜே. மகேந்திரனின் முதல் படம் 'முள்ளும் மலரும்'. மணிரத்னத்தின் முதல் படம், கன்னடத்தில் வந்த 'பல்லவி அனு பல்லவி' (1983). மூன்று பேருமே பிறகு தங்கள் மொழிச் சினிமாவின் போக்கை மாற்றியவர்கள். புது இயக்குநருக்கு அனுபவமுள்ள ஒளிப்பதிவாளர் வாய்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெலுங்கில் 'சங்கராபரணம்' படத்தின் ஒளிப்பதிவும் இவருடையதுதான்.

இயக்குநராக முதல் படம் கன்னடத்தில்: 'கோகிலா' (1977). கமல்ஹாசன், ஷோபா நடித்தார்கள். பின்னாளில் 'மைக் மோகன்' ஆன மோகனுக்கு அது முதல் படம். சிறந்த ஒளிப்பதிவுக்கான இந்திய தேசிய விருது கிடைத்தது. கன்னடப் படமாகவே சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. தமிழில் முதல் படம் 'அழியாத கோலங்கள்' (1979).

'இயற்கை ஒளி' என்று சொல்கிறார்களே, அது என்ன?

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்தச் சொல்லைப் போடுவார்கள், விளக்க மாட்டார்கள். மேகம் மூடிய மலையை அழகாகப் படமெடுப்பது என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது இல்லை.

1. அறுபதுகளின் சென்னை ஸ்டுடியோவில் ஓர் அறைக் காட்சி என்றால் அறைக்குக் கூரை இருக்காது. மேலே பலகை கட்டி, அதிலிருந்து பெரிய விளக்குகள் நடிகர் முகத்தில் விழும். முகம், பின்சுவர், மூலை என்று எல்லாம் ஒரே அளவு தெரியும். யன்னல் இருந்தாலும் அதிலிருந்து வெளிச்சம் வருகிறதா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

2. அதற்குத் தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. அப்போதைய வண்ணப் பிலிமின் ஒளியுணர்வு வேகம் (ISO எண்) 100 அளவில்தான் இருந்தது. இன்று கைபேசியில் 1600 வைத்து இரவுக் கடைத்தெருவை எடுக்கிறோம். அதோடு ஒப்பிட்டால் அன்றைய பிலிமுக்கு 16 மடங்கு வெளிச்சம் வேண்டும். நம்மூர் ஓட்டு வீட்டின் நடு அறைக்குள் பகலில்கூட அவ்வளவு இருக்காது.

3. நிறச் சிக்கல் வேறு. பகல் வெளிச்சத்தின் நிற வெப்பநிலை 5600 கெல்வின் அளவு, பழைய ஸ்டுடியோ விளக்குக்கு 3200. பகல் வெளிச்சம் நீலம் பக்கம், விளக்கு மஞ்சள் பக்கம். பிலிமை விளக்குக்கு ஏற்றபடி தயாரித்திருந்தால், பகலில் எடுக்கும்போது லென்ஸ் முன்னால் ஆரஞ்சு நிற வடிகண்ணாடி போட வேண்டும். அதுவும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும். கைபேசி இதையெல்லாம் தானே சரிசெய்துவிடுவதால் இன்றைய பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் கண்ணில் படுவதில்லை.

4. அப்படியானால் இயற்கை ஒளியில் எடுப்பது என்றால் விளக்கே போடாமல் எடுப்பதா? எப்போதும் அப்படியல்ல. காட்சிக்குள் வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டுமோ, யன்னல், வாசல், மேசை விளக்கு எதுவோ, அங்கிருந்து மட்டும் வருவது போல அமைப்பது. குறைகிற இடத்துக்கு வெள்ளைத் துணி, வெள்ளைப் பலகை வைத்து அந்த யன்னல் வெளிச்சத்தையே திருப்பி விடுவது. இந்தியாவில் தெர்மோகோல் என்பார்கள், நம் கடைகளில் ரிஜிபோம் என்று கேட்டால் தருவார்கள். முகத்தின் ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் இருக்கட்டும் என்று விடுவது. அந்த 'இருக்கட்டும்' என்பதுதான் அன்றைக்குத் துணிச்சல். நட்சத்திரத்தின் அரை முகம் தெரியாவிட்டால் விநியோகஸ்தர் சண்டைக்கு வருவார்.

'மூன்றாம் பிறை' (1982) கடைசிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டி மலைப் பாதையில் உள்ள கேத்தி ரயில் நிலையம். மழை. சாம்பல் நிற வெளிச்சம், நிழலே இல்லை. நினைவு திரும்பி, கமலை யாரென்றே தெரியாமல் போன ஸ்ரீதேவி ரயிலுக்குள் இருக்கிறார், கமல் வெளியே குட்டிக்கரணம் போட்டு அவரைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறார். வெயில் நாளில், முகத்தில் நேரடி விளக்கு விழ எடுத்திருந்தால் இந்தக் காட்சி சர்க்கஸ் மாதிரி ஆகியிருக்கும். அந்த ஈர வெளிச்சம் கோமாளித்தனத்தின் மேல் ஒரு போர்வை போல விழுந்து அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்தப் படத்துக்காகக் கமலுக்குச் சிறந்த நடிகர் தேசிய விருது, பாலு மகேந்திராவுக்கு இரண்டாவது முறை ஒளிப்பதிவு விருது. கண்ணதாசனின் கடைசித் திரைப்பாடலான 'கண்ணே கலைமானே'யும் இதில்தான்.

வெளிச்சத்துக்காக எழுதிய திரைக்கதை

இங்கேதான் நான்கு வேலைகள் ஒருவர் கையில் இருந்ததன் விளைவு தெரிகிறது. யன்னல் வெளிச்சத்தை நம்பிப் படமெடுக்கிறவருக்கு ஒரு நாளில் பயன்படும் நேரம் கொஞ்சம்தான். காலை எட்டு மணிக்கு நாற்காலியில் விழும் வெளிச்சம் பத்து மணிக்குச் சுவருக்குப் போய்விடும். ஒரே காட்சியைப் பத்துக் கோணத்தில் எடுத்தால் முதல் துண்டும் கடைசித் துண்டும் ஒட்டாது. ஆகவே:

1. காட்சியில் ஆட்கள் குறைவாக இருக்க வேண்டும்.
2. வசனம் குறுகியிருக்க வேண்டும். நீண்ட வசனத்துக்கு மாறி மாறி முகங்கள் காட்ட வேண்டிவரும்.
3. காலையா மாலையா என்பது எழுதும்போதே முடிவாகியிருக்க வேண்டும்.
4. இடங்கள் கொஞ்சமாக, திரும்பத் திரும்ப வருபவையாக இருக்க வேண்டும்.

இந்த நான்கையும் வைத்துக்கொண்டு 'வீடு' படத்தைப் பாருங்கள். ஒரு நடுத்தர வர்க்கப் பெண் (அர்ச்சனா), தங்கை, வயதான தாத்தா. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வேறு வீடு கிடைக்கவில்லை, சரி, கட்டிவிடலாம் என்று இறங்குகிறார்கள். கடன், ஒப்பந்தக்காரரின் ஏமாற்று, சீமெந்துத் திருட்டு, அலுவலகக் கையூட்டு. கதை அவ்வளவுதான். பாட்டு இல்லை. பின்னணிக்கு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

அதில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தனியாகப் புறப்பட்டு வரும் காட்சி தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த திரைக்கதைப் பக்கங்களில் ஒன்று என்பேன். குடையோடு வந்த கிழவர் கூரையில்லாத அறைக்குள் நுழைகிறார். சுவரைத் தடவிப் பார்க்கிறார். அறை அறையாக நடக்கிறார். பேச்சே இல்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் 'இது நம்ம வீடும்மா' என்று ஒரு வசனம் நிச்சயம் வந்திருக்கும். கூரை இல்லாத செங்கல் சுவர் என்பது ஒளிப்பதிவாளருக்கும் வரப்பிரசாதம்: உள்ளே இருக்கிற உணர்வு, வெளியே இருக்கிற வெளிச்சம். எழுதியவரும் எடுத்தவரும் ஒருவரே என்பதால் இது தற்செயல் என்று நம்புவது கஷ்டம்.

சின்ன வயதில் தங்கள் வீடு கட்டப்பட்ட நாட்களில் அம்மாவின் இயல்பே மாறிப்போனதைப் பார்த்த நினைவுதான் இந்தப் படத்துக்கு வித்து என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த வகையில் 'வீடு' சென்னையில் எடுத்த மட்டக்களப்புக் கதை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும், அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதும் அதற்குக் கிடைத்தன. அடுத்து, முதுமையைப் பற்றிய 'சந்தியா ராகம்' (1989), கறுப்பு வெள்ளையில். மறுபடி சொக்கலிங்க பாகவதர், மறுபடி விருது.

போற்றுகிறவர்கள் தாண்டிப் போகும் பக்கங்கள்

எல்லாம் சொந்தக் கதை என்று நினைத்துவிடக் கூடாது. 'மூடுபனி' (1980) ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை நினைவுபடுத்தும். மலையாள 'ஓளங்கள்' (1982) எரிக் சேகலின் 'மேன், வுமன் அண்ட் சைல்ட்' நாவலிலிருந்து வந்தது. 'மறுபடியும்' (1993) இந்தி 'அர்த்'தின் மறு ஆக்கம். 'ஜூலி கணபதி' (2003) ஸ்டீபன் கிங்கின் 'மிசரி'. கதையை இரவல் வாங்கினாலும் அதை மனிதர்களாக்கத் தெரிந்தவர் என்பது உண்மை. மூலத்தை எப்போதும் வெளிப்படையாகச் சொன்னவர் அல்ல என்பதும் உண்மை.

வணிகப் படங்களிலும் இறங்கினார். 'நீங்கள் கேட்டவை' (1984) என்ற தலைப்பிலேயே அவருடைய எரிச்சல் தெரிகிறது: கேட்டீர்கள், இந்தாருங்கள் என்ற தொனி. ரஜினியை வைத்து எடுத்த 'உன் கண்ணில் நீர் வழிந்தால்' (1985) பாலு மகேந்திராவின் ரசிகர்களும் திரும்பிப் பார்க்காத படம்.

ஷோபா விஷயம் இதைவிடக் கனமானது. 'கோகிலா', 'அழியாத கோலங்கள்', 'மூடுபனி' மூன்றிலும் நடித்த ஷோபா, 'பசி' படத்துக்காகத் தேசிய விருது பெற்றவர். 1980 மே 1 அன்று, 17 வயதில், தற்கொலை செய்துகொண்டார். அவரோடு தனக்கிருந்த உறவை பாலு மகேந்திரா மறைக்கவில்லை. 'மூன்றாம் பிறை' அந்த இழப்பிலிருந்து பிறந்தது என்றும் சொல்லியிருக்கிறார். ஷோபா இறந்தபோது பாலு மகேந்திராவுக்கு நாற்பது வயது. நினைவஞ்சலிகள் இதை ஒரு சோகக் காதலாக மட்டும் எழுதுகின்றன. இருவருக்கும் இடையிலிருந்த வயது, தொழில் அதிகாரம் இரண்டையும் சொல்லாமல் அந்தப் படத்தின் பின்கதையைச் சொல்வது அரைகுறைதான்.

சரி, ஏன் மட்டக்களப்பில் ஒரு படமும் இல்லை?

இதற்கு 'ஊரை மறந்துவிட்டார்' என்று பதில் எழுதுவது சுலபம். காலவரிசையைப் பார்த்தால் விஷயம் வேறு.

1. அவர் புறப்பட்ட 1966இல் இலங்கைத் தமிழ் சினிமாவுக்கு நான்கு வயது. முதல் படம் 'சமுதாயம்' 1962இல் வந்தது, அதுவும் 16 மில்லிமீற்றரில். 35 மில்லிமீற்றர் படமான 'தோட்டக்காரி' 1963இல். திரைப்படக் கல்லூரி எதுவும் நாட்டில் கிடையாது.

2. தமிழ்த் திரையரங்குகள் சென்னைப் படங்களால் ஓடின. உள்ளூரில் சின்னக் காசில் எடுத்த படத்தை சிவாஜி படத்துக்குப் பக்கத்தில் போட்டால் யார் வருவார்? 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியையும் விநியோகத்தையும் கையில் எடுத்த பிறகு கொஞ்சம் மூச்சுக் கிடைத்தது. 'குத்துவிளக்கு' (1972), தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' (1977), செங்கை ஆழியானின் நாவலிலிருந்து வந்த 'வாடைக்காற்று' (1978) எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவைதான். அதே ஆண்டுகளில் இவர் கேரளத்திலும் கர்நாடகத்திலும் விருது வாங்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்திருந்தால் ஒரு படத்துக்குப் பிறகு அடுத்த படத்துக்கு எத்தனை வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

3. அவர் முழு வலிமையோடு இருந்த காலம் 1982க்குப் பிறகு. 1983 யூலையில் இங்கே என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். தமிழருக்குச் சொந்தமான ஹெந்தளை விஜயா ஸ்டுடியோவே எரிந்தது. அதன் பிறகு 2009 வரை கிழக்கில் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பதே ஆபத்து. காலை வெளிச்சத்துக்குக் காத்திருந்து எடுக்கிற ஒருவர் ஊரடங்குச் சட்டத்துக்குள் எப்படி வேலை செய்வது?

4. போர் முடிந்தபோது அவருக்கு எழுபது வயது. உடம்பும் ஒத்துழைக்கவில்லை.

ஊர் அவர் படங்களில் வேறு வழியில் வந்தது. 'அழியாத கோலங்கள்' தன் விடலைப் பருவ நினைவுகளிலிருந்து எடுத்தது என்று அவரே சொன்னார். ஆற்றங்கரை, மூன்று பையன்கள், ஊருக்குப் புதிதாக வந்த ரீச்சர். இடம் இந்தியக் கிராமம், வயது அமிர்தகழி வயது. அந்தப் படத்தைப் பார்த்து மட்டக்களப்பு வாவிக்கரைச் சாயலைத் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் கிடைக்கும். அந்த வயதுப் பையன்களின் கூச்சத்தையும் குற்ற உணர்வையும் பார்க்கிறவர்களுக்கு நிறையக் கிடைக்கும்.

பட்டறை

2000ஆம் ஆண்டை ஒட்டி சன் ரிவிக்காக, தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக்கிய 'கதை நேரம்' வந்தது. குறும்படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் தமிழில் இல்லை. சிறுகதையைக் கையில் வைத்துக்கொண்டு குறும்படத்தைப் பாருங்கள். எந்த வரியை விட்டார், எதைப் பார்வையாக மாற்றினார் என்பது பளிச்சென்று தெரியும். 2007இல் 'சினிமா பட்டறை' என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

அவரிடம் உதவியாளர்களாக இருந்தவர்களில் பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி ஆகியோர் இயக்குநர்களாகத் தேசிய விருது மேடைகளைத் தொட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட குருவைப் போலப் படம் எடுக்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது. பாலாவின் படங்களில் இருக்கும் மூர்க்கத்துக்கும் 'சந்தியா ராக'த்துக்கும் என்ன சம்பந்தம்? வெற்றிமாறனின் 'ஆடுகளம்' படத்தில் நடித்து, நம் நாட்டுக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் தேசிய விருதில் சிறப்புக் குறிப்புப் பெற்றது தனிக் கதை.

கடைசிப் படம் 'தலைமுறைகள்' (2013). டிஜிற்றல் கமராவில் எடுத்தார், முக்கிய வேடத்தில் அவரே நடித்தார். தமிழ் தெரியாத பேரனும் ஆங்கிலம் தெரியாத தாத்தாவும். அதற்கான தேசிய ஒருமைப்பாட்டு விருது அறிவிக்கப்பட்டபோது அவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இங்கே படம் எடுக்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

மட்டக்களப்பு கிட்டத்தட்ட 7.7 பாகை வடக்கில் இருக்கிறது. ஊட்டியின் வெளிச்சம் நமக்குக் கிடைக்காது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த நேரத்தில் வெளியே எடுத்தால் கண் குழியில் கறுப்பு நிழல் விழும், எவ்வளவு நல்ல நடிகராக இருந்தாலும் கண் தெரியாது. காலை ஒன்பதரைக்குள் முடிப்பது, பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு தொடங்குவது, நடுவில் விறாந்தைக் காட்சிகளை எடுப்பது என்று நாளைப் பிரித்தால் பாதிப் பிரச்சினை தீரும். விறாந்தை இதற்கென்றே கட்டியது போன்ற இடம்: மேலே கூரை, முன்னால் திறந்த வெளி, மணல் முற்றம் வெயிலைத் திருப்பி முகத்துக்கு அனுப்பும். ரிஜிபோம் கூடத் தேவைப்படாது.

நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைமழைக் காலம். பலர் படப்பிடிப்பைத் தள்ளிப்போடுவது அப்போதுதான். 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சிக்குக் கிடைத்த நிழலில்லாத சாம்பல் வெளிச்சம் நமக்கு வருடத்தில் மூன்று மாதம் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு எழுதப்பட்ட கதைதான் வேண்டும்: குறைந்த ஆட்கள், ஒரு வீடு, ஒரு பிரச்சினை. ட்ரோனில் கல்லடிப் பாலத்தைக் காட்டித் தொடங்கும் குறும்படங்கள் போதுமான அளவு வந்துவிட்டன.

எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு: முதலில் 'வீடு', அதுவும் ஒரு தடவை ஒலியை நிறுத்திவிட்டு. பிறகு 'கதை நேரம்' சிலவற்றை மூலச் சிறுகதைகளோடு. அதற்கப்புறம் 'முள்ளும் மலரும்', இன்னொருவரின் திரைக்கதைக்கு அவர் எப்படி வெளிச்சம் வைத்தார் என்று பார்க்க. 'மூன்றாம் பிறை' எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த படம் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.